அந்தக் கல் எதனால் ஆனது?



மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுகிறோம். பொன்னல்ல என்றால் அது பின்னர் யாது? இந்தக் கேள்விக்கு அந்தப் பழமொழியில் விடை இல்லை. கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதும் இல்லை.

முள்ளியவளையிலோ, தண்ணீரூற்றிலோ, முல்லைத்தீவு நகரிலோ ஒரு தாய் தன் கல்லுத்தோட்டை அடைவு வைக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைநெல்லுக்குப் பணம் வேண்டும், அல்லது மகளின் படிப்புக்கு வேண்டும். கடைக்காரர் தோட்டை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார்; தராசில் இடுகிறார்; கற்களின் நிறையைக் கழித்துக் கணக்குப் போடுகிறார். "வைரத்தோடு எண்டு சொல்லித்தானே அம்மா தந்தவ" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். "வைரமில்லை அக்கா, சும்மா கல்லு" என்கிறார் அவர். ஒரு குடும்பம் நாற்பது வருடம் நம்பியிருந்த ஒன்று அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது. அவள் வெட்கப்பட்டு, மேலே ஒன்றும் கேளாமல், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள்.

சும்மா கல்லு என்று ஆண்டவன் படைத்த உலகில் ஒரு கல்லும் இல்லை. மனிதன் உருக்கிச் செய்த கல்லிலும் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளால் ஆனது. ஏதோ ஓர் இடத்திலிருந்து வந்தது. யாரோ ஒருவருடைய கையால் பட்டை தீட்டப்பட்டது. அந்தத் தாய் வெட்கப்பட வேண்டியவளும் அல்லள். அப்படியானால் வெட்கம் யாருக்கு உரியது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். அதற்கு முன் அந்தக் கல்லைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

வைரத்தின் இடத்தில் விற்கப்படும் கற்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. பழையது கண்ணாடி. நம் வீட்டு யன்னற் கண்ணாடி அன்று. ஈயம் சேர்த்துக் காய்ச்சிய கண்ணாடி. ஈயம் கூடக்கூடக் கண்ணாடி ஒளியை அதிகமாக வளைக்கும்; வானவில் நிறங்களையும் பிரித்துக் காட்டும். அல்சாஸ் பகுதியிற் பிறந்து பாரிஸ் நகரில் தொழில் செய்த ஸ்திராஸ் என்பவர் இத்தகைய கண்ணாடிக் கற்களாற் பெரும் புகழ் பெற்று, 1734இல் பிரெஞ்சு மன்னரின் நகைக்காரர் என்ற பட்டத்தையும் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இன்றும் போலிக்கல்லுக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஒஸ்திரியாவில் 1895இல் தொடங்கிய சுவரோவ்ஸ்கி தொழிற்சாலை இயந்திரத்தால் பட்டை தீட்டி இதே வகைக் கற்களை உலகமெங்கும் பரப்பியது. கண்ணாடியின் குறை அது மென்மையானது என்பதே. காலப்போக்கில் பட்டைகளின் விளிம்பு மழுங்கும். ஒளிக்காகப் பின்புறத்தில் இட்ட பூச்சும் கறுக்கும். "மூக்குத்திக் கல்லு செத்துப்போச்சு" என்று கிழவிமார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பின்னர் வெள்ளை நீலக்கல் வந்தது. பிரான்சின் வேர்னுயீல் 1902இல் வெளியிட்ட முறைப்படி, தீச்சுவாலையில் அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை உருக்கிச் செய்வது. உறுதியான கல், ஆனால் வைரத்தின் ஒளி அதற்கு வரவில்லை. அதை விட்டுவிடுவோம்.

அடுத்தது நம் நாட்டுக் கல். மாத்தறை வைரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நிறமற்ற சிர்க்கன் என்னும் கல்லுக்கு மாணிக்க வியாபாரிகள் கொடுத்த பெயர் அது. தென்னிலங்கையில் மாத்தறைப் பக்கத்தில் கிடைத்த சிர்க்கன் கற்களைத் தேர்ந்தெடுத்தும், மங்கிய நிறமுள்ளவற்றைச் சூடாக்கி நிறம் போக்கியும் வைரம்போல் பட்டை தீட்டினார்கள். சிர்க்கனின் ஒளி அழகானது. வைரத்தை நன்கு அறியாத கண்ணை எளிதில் ஏமாற்றக்கூடியது. கடினத்தில் வைரம் 10 என்றால் இது ஏழரை. ஓரங்கள் எளிதில் உதிரும். பூதக்கண்ணாடி வைத்து மேலிருந்து உள்ளே பார்த்தால் பின்புறத்துப் பட்டை ஓரங்கள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்தில் ஒருபோதும் அப்படித் தெரியாது.

இந்தக் கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. ஜெர்மனியின் இரசாயன அறிஞர் கிளாப்றொத் 1789இல் இலங்கையிலிருந்து சென்ற ஒரு சிர்க்கன் கல்லைப் பகுத்தாராய்ந்தபோதுதான், அதுவரை உலகம் அறியாத ஒரு புதிய மூலகத்தின் ஒட்சைட்டு அதில் இருப்பதைக் கண்டார். அந்த மூலகமே சிர்க்கோனியம். விஞ்ஞானத்துக்கு ஒரு மூலகத்தையே அறிமுகப்படுத்திய கல்லை நாம் "வைரம் அல்லாதது" என்ற ஒரே காரணத்துக்காகத் தாழ்த்தி வைத்திருக்கிறோம்.

இன்று கடைகளில் அமெரிக்கன் டயமன்ட் என்று சொல்லி விற்கப்படுவது என்ன? அதுவும் சிர்க்கோனியத்தின் பிள்ளைதான். சிர்க்கோனியம் ஒட்சைட்டை ஏறக்குறைய 2,750 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, மெல்ல ஆறவிட்டுப் பளிங்காக்குகிறார்கள். ஆறும்போது வடிவம் கெடாதிருக்க யிற்றியம் அல்லது கல்சியம் ஒட்சைட்டைச் சிறிது சேர்க்கிறார்கள். அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது? நீரோடிக் குளிரும் செப்புக் குழாய்களுக்கு நடுவே தூளைக் குவித்து உட்பகுதியை மாத்திரம் உருக்குகிறார்கள். உருகாமல் எஞ்சும் வெளி ஓடே பாத்திரமாகிவிடுகிறது. இந்த முறையை 1970களின் தொடக்கத்திற் செம்மைப்படுத்தியவர்கள் மொஸ்கோவிலுள்ள லெபடேவ் பௌதிகவியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். 1976 முதல் இக்கல் சந்தைக்கு வந்தது. அமெரிக்கன் டயமன்ட் என்ற பெயரில் அமெரிக்காவும் உண்மையில்லை, டயமன்டும் உண்மையில்லை என்பதைக் கவனித்தீர்களா!

சிர்க்கோனியத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகத் தெற்கே கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று போய்க் களப்பைக் கடந்தால் புல்மோட்டை. அங்கே கரையிற் கறுப்பாகக் கிடக்கும் பாரமான மணலை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். இல்மனைற், றூட்டைல், சிர்க்கன் என்னும் கனிமங்கள் கலந்த மணல் அது. அரச கம்பனி அதைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்கிறது. உலகிற் கிடைக்கும் சிர்க்கன் மணலிற் பெரும்பகுதி தரை ஓடுகளின் பளபளப்புக்கும் வார்ப்பு வேலைக்கும்தான் போகிறது. கல்லாக மாறுவது அதில் ஒரு துளி. ஆயினும் அந்தத் தாயின் தோட்டில் இருந்தது இந்தக் கல்லாயின், அதன் மூலப்பொருள் அவள் பிள்ளைகள் கடற்கரையிற் காலால் அளைந்து விளையாடிய மணலின் இனத்தது.

இனி, உண்மையான வைரம் எதனால் ஆனது? கரியினால். 1772இல் பிரெஞ்சு அறிஞர் லவோய்சியே சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797இல் ஆங்கிலேயராகிய தெனன்ற் அது தூய காபனே என்று நிறுவினார். நம் அடுப்பங்கரைக் கரியிலும் போகலைச் சுரங்கத்துக் காரீயத்திலும் உள்ள அதே காபன். பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அணுக்கள் இறுக அடுக்கப்பட்டதே வித்தியாசம். ஆகவே மூலப்பொருளை மாத்திரம் வைத்து மதிப்புச் சொல்லப்போனால், போலியைவிட அசல் எவ்வகையிலும் உயர்ந்ததன்று. அடுப்புக்கரிக்கு யாரும் சீதனப் பத்திரம் எழுதுவதில்லை.

எனவே "எதனால் ஆனது?" என்ற கேள்வி நாம் நினைத்ததைவிட ஆழமானது. கண்ணாடி கண்ணாடியாகவும், சிர்க்கன் சிர்க்கனாகவும் இருக்கும்வரை அவற்றிற் போலித்தனம் எங்கே இருக்கிறது? கல் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. அது தன் இயல்புக்கு ஏற்ப ஒளியை வளைக்கிறது, அவ்வளவுதான். போலி என்பது கல்லில் இல்லை; கல்லுக்கும் அதைக் குறித்துச் சொல்லப்பட்ட சொல்லுக்கும் இடையே இருக்கிறது. சொன்னவர் வாயில் அது பிறக்கிறது. சிலவேளை, சொல்லாமல் விட்டவரின் மௌனத்திலும் பிறக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், போலிக்கல் செய்பவர்களையும் அணிபவர்களையும் தூற்றிவிட்டு விற்பவரைத் தப்பவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பல குடும்பங்கள் பல்லாண்டு வாழ்ந்துவந்தன. சிறு கல்லைக் குச்சியில் ஒட்டி, சுழலும் சாணையிற் பிடித்து, கண் பூத்துப்போகும் வரை பட்டை பட்டையாகத் தேய்க்கும் வேலை அது. அந்தத் தொழிலாளி யாரை ஏமாற்றினான்? அவன் கையில் இருந்தபோது அந்தக் கல் இன்னதென்று அவனுக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். வசதியில்லாத பெண் ஒருத்தி தன் திருமணத்தன்று நூறு ரூபாய்க் கல்லைப் போட்டுக்கொண்டு அழகாக நிற்பதிலும் ஒரு பாவமும் இல்லை. அழகு பணக்காரருக்கு மாத்திரம் எழுதிவைக்கப்பட்ட சொத்தன்று.

பெயரை மாற்றுவதில் இன்னொரு தீமையும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மாத்தறை வைரம் என்று பெயரிட்டவர் வாங்கியவரை மட்டும் ஏமாற்றவில்லை. அந்தக் கல்லையும் கெடுத்தார். சிர்க்கன் என்று சொல்லி, சிர்க்கனுக்குரிய விலையில் விற்றிருந்தால் அதை விரும்பி வாங்கியவர்கள் அதன் ஒளியை அதற்காகவே விரும்பியிருப்பார்கள். வைரமென்று நம்பி வாங்கியவர் உண்மை தெரிந்த நாளில் அதைத் தூக்கியெறிகிறார். மனிதர் விஷயத்திலும் இப்படி நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சாதாரணப் படிப்புள்ள நல்ல பையனை வெளிநாட்டில் எஞ்சினியர் என்று சொல்லிக் கலியாணம் பேசுகிறார்கள். உண்மை வெளிப்பட்டபின் அவனிடம் இருந்த நற்குணமும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

குருமடத்தில் நாம் படித்த பழைய நூலொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிய சும்மா தெயொலொஜிக்கா. (பெயர்தான் சும்மா, உள்ளே சும்மா எழுதியது ஒன்றும் இல்லை என்பது குருமட மாணவர்களின் பழைய பகிடி.) அதில் வாங்கல் விற்றலில் நிகழும் அநீதியைப் பற்றித் தனியே ஒரு பகுதி உண்டு. விற்கும் பொருளிற் குறை மூன்று விதமாக வரலாம் என்கிறார் புனிதர்: இனத்தில், அளவில், தரத்தில். ஒன்றை வேறொன்றென்று சொல்லி விற்பது இனத்திற் செய்யும் ஏமாற்று. தெரிந்து செய்தால் அது வஞ்சனை, பாவம். தெரியாமற் செய்தால் பாவமில்லை. ஆனால் உண்மை தெரியவந்ததும் வாங்கியவருக்கு நட்டத்தை ஈடுசெய்யும் கடமை உண்டு.

அடுத்து அவர் ஒரு நுட்பமான கேள்வியை எடுக்கிறார். இரசவாதிகள் செய்யும் பொன்னை விற்கலாமா? அது பொன்போலத் தோன்றுவதாய் இருந்தால் கூடாது என்கிறார். ஆனால் இரசவாதத்தால் மெய்யான பொன்னையே ஆக்க முடிந்தால், அதை மெய்யான பொன்னென்று விற்பதில் அநீதி இல்லையாம். இயற்கையின் காரணங்களைக் கொண்டே மனிதனுடைய கலை இயற்கையான விளைவைத் தருமானால் தடையென்ன என்பது அவர் வாதம்.

ஏழு நூற்றாண்டு கழித்து அக்கேள்வி உயிரோடு எழுந்து வந்துவிட்டது. 1954 டிசெம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் ஆய்வுகூடத்தில் காபனைப் பெரும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்படுத்தி வைரம் ஆக்கினார்கள். இன்று வாயுவிலிருந்து படலம் படலமாகவும் வைரத்தை வளர்க்கிறார்கள். வைரம் தீட்டுவதற்குப் பேர்போன இந்தியாவின் சூரத் நகரில் இதுவும் ஒரு தொழிலாகிவிட்டது. இது போலிக்கல் அன்று. காபனே, வைரமே. 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வைரத்துக்குத் தான் வைத்திருந்த வரைவிலக்கணத்திலிருந்து "இயற்கையான" என்ற சொல்லையே எடுத்துவிட்டது.

அப்படியானால் ஆய்வுகூடத்து வைரத்தை ஒன்றும் சொல்லாமற் சுரங்கத்து வைரத்தின் விலைக்கு விற்கலாமா? புனிதரின் வாதத்தை அரைகுறையாகப் படித்த வியாபாரி ஒருவர் "விற்கலாம்" என்று சொல்லக்கூடும். எமது அபிப்பிராயம் வேறு. சுரங்கத்துக் கல்லுக்கு வாங்குபவர் அதிக விலை கொடுப்பது காபனுக்காக மட்டுமல்ல. அது பூமிக்குள்ளிருந்து வந்தது, அரியது, நாளைக்கு விற்றாலும் விலைபோகும் என்ற நம்பிக்கைக்காகவும் கொடுக்கிறார். எதற்காகப் பணம் கொடுக்கிறாரோ அதை மறைப்பது, பொருள் ஒன்றேயாயினும், மறைப்புத்தான். இனம் ஒன்றாயிருக்கிறது; பிறப்பிடத்திற் பொய் நுழைந்துவிடுகிறது. ஆய்வுகூடத்துக் கல்லின் விலை கடந்த சில வருடங்களில் எவ்வளவு வீழ்ந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பொய்யின் நிறை விளங்கும்.

இந்த இடத்தில் மெய்யான வைரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வைரம் என்றென்றைக்கும் என்ற விளம்பர வாசகம் 1947இல் டி பியர்ஸ் கம்பனிக்காக ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனத்தில் எழுதப்பட்டது. கல் என்றென்றைக்கும் இருக்கலாம். கொடுத்த விலை இருப்பதில்லை. கடையில் வாங்கிய வைரத்தை மறுநாள் அதே கடைக்குக் கொண்டுபோனாலும் கொடுத்த காசு திரும்பி வராது. பொன்னுக்கு அன்றாட விலை உண்டு. நிறுத்துப் பணம் கொடுப்பார்கள். அவசரத்துக்கு அடைவு வைக்கவேண்டிய நிலையிலுள்ள நம் குடும்பங்கள் கல்லில் பணத்தைப் போடுமுன் இரண்டு தரம் யோசிப்பது நல்லது.

நகைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி ஒரு மனிதனின் உயிரையே தீர்மானித்த கதையை நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. முள்ளியவளைக்கு அருகே வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் நம் இந்துச் சகோதரர்கள் கண்ணகியின் வழக்கை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்தச் சிலம்பை முதலிலேயே உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் இறந்திருக்க மாட்டான். மன்னன் கெட்டவனாக இருக்கவில்லை. அவன் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல், நகையைப் பற்றித் தெரிந்தவன் என்று ஒருவனை நம்பினான். நம்பப்பட்டவனோ கள்வன். மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கும்போது வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டும் அதே காப்பியம், அந்த அறிவு அறமில்லாதவன் கையில் அகப்பட்டால் என்னவாகும் என்பதையும் காட்டிவிடுகிறது.

வைர வியாபாரத்தின் முழுச் சிக்கலும் இதுதான். விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஒற்றைக்கண் குதிரையை விற்பவன் அதன் குறையை வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை, விலையைக் குறைத்தாற் போதும், ஏனெனில் குறை கண்ணுக்குத் தெரிகிறது என்கிறார் புனித தோமஸ். கண்ணுக்குத் தெரியாத குறையால் வாங்குபவருக்கு நட்டம் வருமாயின் சொல்லியே ஆகவேண்டும். கல் இந்த இரண்டாம் வகை. அங்கே மௌனம் என்பது பொய்யின் இன்னொரு பெயர்.

ஆகவே நீங்கள் கடையிற் கேளுங்கள். "இது என்ன கல்? எதனால் ஆனது?" என்று கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. நேர்மையான நகைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். சொன்னதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். பொன்னின் நிறை வேறு, கல்லின் நிறை வேறாக எழுதச் சொல்லுங்கள். வாயாற் சொல்லத் துணிந்தவர் எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. தவறான விபரம் சொல்லி விற்பது நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படியும் குற்றம். பெறுமதியான கல்லென்றால் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிற் காட்டிப் பரிசோதிக்கலாம்.

வீட்டுச் சோதனைகளை அதிகம் நம்பவேண்டாம். கல்லின்மேல் வாயால் ஊதினால் வைரத்திற் படிந்த ஆவி உடனே மறையும் என்பது ஓரளவுக்குச் சரி. வைரம் வெப்பத்தை விரைந்து கடத்தும். அதே தத்துவத்தில் வேலை செய்யும் சிறு கருவியைக் கடைக்காரர் வைத்திருப்பார். ஆனால் 1998 அளவில் சந்தைக்கு வந்த மொயிசனைற் என்னும் சிலிக்கன் காபைட்டுக் கல் அந்தக் கருவியையே ஏமாற்றிவிடும். அமெரிக்கன் டயமன்ட் அதே பருமனுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமானது. ஆனால் நகையிற் பதித்தபின் அதைத் தனியே நிறுப்பதெப்படி? சுத்தியலால் அடித்தால் வைரம் உடையாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். கீறலுக்குத்தான் அது அஞ்சாது, அடிக்கு உடையும்.

சீதனப் பேச்சிலும் இந்தக் கேள்வி வருகிறது. போலிக்கல் தோட்டை வைரத்தோடென்று கணக்கிற் காட்டும் பெற்றோரை நாம் கண்டிக்கவேண்டும்தான். ஆனால் அப்படிக் காட்டாவிட்டால் பிள்ளையின் கலியாணம் நின்றுவிடும் என்று அவர்களை அஞ்சவைத்தவர்கள் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். நகைப்பெட்டியைத் திறந்து கல்லை எண்ணும் மாமியார் எந்தப் பொருளால் ஆனவர் என்பதையும் ஒருநாள் யாராவது பரிசோதிக்கவேண்டும்.

இதுவரை போலியை அசலென்று விற்பதைப் பற்றியே பேசினோம். இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. நம் வன்னி மண்ணில் அதற்குத்தான் கணக்கு அதிகம். பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவன் விற்கிறான், வாங்குபவனுக்கு அது பொன்னென்று தெரியும் என்றால், வாங்குபவன் அநீதி செய்கிறான். திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று அதே பகுதியிலேயே புனிதர் எழுதியிருக்கிறார்.

2009இன் முதல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். முள்ளியவளை வெறுமையாகி, சனங்கள் கரையை நோக்கி ஒதுங்கி ஒதுங்கிப் போன நாட்கள். அரிசிக்கும் பால்மாவுக்கும் நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் உரைகல் தேடினார்கள்? பேரன் பேத்திக்கென்று வைத்திருந்த தோட்டை என்ன கல்லென்றும் பாராமல் கொடுத்தார்கள். முகாம்களுக்குள்ளும், மீள்குடியேறிய முதல் வருடங்களிலும் அவசரத்துக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கியவர்களிற் சிலர் நியாயமாக நடந்தார்கள். பசித்த குடும்பத்திடமிருந்து நகையே வாங்காமல் அரிசியைப் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். வேறு சிலர் நல்ல கல்லைக் கண்டும் "சும்மா கல்லு" என்று சொல்லி, பொன்னின் விலையையும் குறைத்து வாங்கினார்கள். கண்ணாடியை வைரமென்று விற்றவருக்கும், வைரத்தைக் கண்ணாடியென்று வாங்கியவருக்கும் நீதியின் முன் வித்தியாசமில்லை. அப்படி வாங்கிய நகை இன்று ஏதோ ஒரு வீட்டின் பெட்டியில் இருக்கலாம். வாங்கியவர் காலமாகி, ஒன்றும் அறியாத பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

அவர்கள் என்ன செய்வது? கொடுத்தவரைத் தெரிந்தால் வித்தியாசப் பணத்தை அவரிடமே சேர்க்கவேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும். அவர்கள் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தாலும் தேடலாம், இக்காலத்தில் அது பெரிய வேலையில்லை. உண்மையாகவே தேடியும் ஒருவரும் கிடைக்காவிட்டால், அவர்கள் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கும்படி பழைய ஒழுக்கவியல் நூல்கள் சொல்கின்றன. எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க அந்தக் கல் என்ன கல்லென்று முதலில் தெரியவேண்டும். பெட்டியைத் திறந்து, அதைத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.